மாணவி எண் ஏழு

போன செவ்வாய்க்கிழமை காலை. நான் இன்னும் பல்கூட விளக்கவில்லை. வாசலில் சுமதி நிற்கிறாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஏனுங்கக்கா, அந்த வெப்சைட்டை அழிக்கோணும். இன்னிக்கே அழிக்கோணும்."

சுமதியை உங்களுக்குத் தெரியாது. இங்கே மலைமேல் ஒண்டிக்கடை பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தவள். முப்பது வயதுக்கு மேல் டீச்சர் ஆகும் ஆசை வந்து, வேலையை விட்டுவிட்டு, தினமும் மலையிறங்கி சேலத்தில் பி.எட். படிக்கிறாள். வீடு, செம்மநத்தம் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. செம்மநத்தம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்... காரணம் பிறகு சொல்கிறேன்.

இந்த வருஷம் அவள் கல்லூரியில் புது ஏற்பாடு. ரெக்கார்டு நோட்டு வேண்டாம். ஆளுக்கொரு இலவச வெப்சைட் தொடங்கி, பாடக் குறிப்பு, சார்ட், கேஸ் ஸ்டடி என்று செய்ததையெல்லாம் அதில் ஏற்றி, லிங்க் அனுப்பினால் மார்க். அதற்குத்தான் என்னிடம் வந்தாள். என்னிடம் ஏன்? பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்திகளைச் சேர்த்து வைக்க நானும் ஒரு இலவச வெப்சைட் வைத்திருக்கிறேனே! அதைத் தவறாமல் பார்க்கும் ஒரே வாசகி நான்தான் என்பது வேறு விஷயம்.

ஒரே மத்தியானத்தில் வேலை முடிந்தது. என் மெயிலில், என் லேப்டாப்பில். 'சுமதியின் பக்கம்' என்று பெயர் வைக்கலாம் என்றாள். நான்தான் மேதாவி ஆயிற்றே... "ஊர் பேரைப் போடு சுமதி. அப்பத்தான் யார் தேடினாலும் முதல்ல வரும்" என்றேன். ஊர்ப் பெயரைப் போட்டோம். 'எல்லோரும் பார்க்கலாம்' என்ற இடத்தில் ஏற்கெனவே டிக் இருந்தது. அதை நான் தொடவில்லை. பப்ளிஷ் பட்டனை அழுத்தினேன். திரை முழுக்கக் கலர் கலராகப் பலூன் பறந்தது. இரண்டு பேரும் கை தட்டினோம்.

மறுவாரம் தேடிப் பார்த்தால், உண்மையாகவே முதலில் வந்தது! வராமல் என்ன செய்யும்? அந்த ஊரைப் பற்றி வேறு யார் எழுதியிருக்கிறார்கள்? தெரிந்தவர்களுக்கெல்லாம் போனில் காட்டிப் பெருமையடித்தேன்.

இனி கேஸ் ஸ்டடி. பயிற்சிக்குப் போன பள்ளியில் ஒரு மாணவரைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். சுமதி அந்தப் பள்ளியில் படிக்கும், தன் லைனிலேயே இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வரும். வெளியே தெரிந்தால் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், நாளைக்கு யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அம்மாவுக்குப் பயம். 'தலைசுத்தல்' என்று ஊருக்குச் சொல்லி, வலிப்பு மாத்திரையைக் கேட்பவர்களிடம் சத்து மாத்திரை என்று சொல்லிவருகிறார். இதையெல்லாம் அந்தப் பெண் சுமதியிடம் நம்பிச் சொல்லியிருக்கிறாள். சுமதியும் பரிவோடுதான் எழுதியிருந்தாள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு இரண்டு ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தேன்.

மாணவரின் பெயரை எழுதக் கூடாது, எண் மட்டும் கொடுக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. நல்ல விதிதான். சுமதி பெயரை எழுதவில்லை. 'மாணவி எண் 7' என்று எழுதினாள்.

அந்த வீட்டின் நம்பர் ஏழு.

ஒன்று என்று போட்டிருக்கலாம். நூறு என்று போட்டிருக்கலாம். அவளுக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் பெண் அவளுக்கு 'ஏழாம் நம்பர் ஊட்டுப் பாப்பா'. எண் கொடு என்றதும் கை தானாக ஏழு என்று எழுதியிருக்கிறது. சேலத்தில் உட்கார்ந்து விதி போட்டவர்களுக்கு எண் என்பது பெயரை மறைக்கிற விஷயம். எஸ்டேட்டில் எண்தான் பெயர். மலைமேல் இத்தனை வருஷம் இருக்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் என் கண் ஒற்றுப்பிழையில் இருந்தது.

லைனில் யாரோ பஸ் நேரம் பார்க்க ஊர்ப் பெயரைத் தேடியிருக்கிறார்கள். நம் பக்கம்தான் முதலில் வருமே... வந்தது.

விடியற்காலையில் சேலம் கிளம்பிப் பொழுதுசாய வீடு திரும்பும் சுமதிக்கு இது எதுவும் தெரியாது. முழு மார்க் வந்திருந்தது. 'அடையாளம் நன்கு மறைக்கப்பட்டுள்ளது' என்று பேராசிரியர் தனியாகப் பாராட்டியிருந்தார். திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்வீட் பாக்ஸோடு ஏழாம் நம்பர் வீட்டுக்கு நன்றி சொல்லப் போயிருக்கிறாள். அம்மா பாக்ஸை வாங்கவில்லை. "என் கண்ணு முன்னால அழி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

சுமதி வந்து நின்ற அன்றைக்கே பஸ் ஏறினோம். கதவில் வெள்ளைப் பெயின்ட்டில் பெரிதாக 7. பக்கத்துக் கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பரவாயில்லை, பள்ளிக்குப் போகிறாள்போல என்று ஒரு நொடி நிம்மதி வந்தது. அம்மா என் பார்வையைக் கவனித்துவிட்டார்.

"சும்மா தொவைச்சுப் போட்டிருக்கறேனுங்க. மூணு வாரமா போறதில்லீங்க."

"நான் பேரு எழுதலீங்கம்மா" என்றாள் சுமதி.

"பேரு எழுதியிருந்தாக்கூடப் பரவால்ல கண்ணு. இந்த லைன்ல எம்புள்ள பேரு எத்தன பேருக்குத் தெரியும்? கணக்கெழுதற ரைட்டர் வேலைக்கு ஆள் எடுக்கறப்ப நான் ஏழு. தபால் வந்தா ஏழு. நீ பன்னெண்டு. உனக்குத் தெரியாதா?"

சுமதி தன் பன்னிரண்டாம் நம்பர் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கேஸ்னு போட்டிருந்துச்சாமுங்க. ஏழாம் நம்பர் மேல என்னமோ கேஸாம்னு பைப்படியில பேசறாங்க. எவங்கிட்டன்னு போயி வெளக்கறது? பஸ்ல புள்ள ஏறுனா பசங்க கையையும் காலையும் உதறிக் காட்டறாங்களாமுங்க. அதோட சரி. நான் போக மாட்டேன்னுட்டா."

ஹெட்மாஸ்டரிடம் நான் பேசுகிறேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"அவரு நொம்ப நல்லவருங்க. வந்து கூப்புட்டுப் பாத்தாருங்க. பஸ்ஸுக்குள்ள அவரு என்னங்க பண்ணுவாரு?"

இதைப் பத்தியில் எழுதலாமா என்று பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க. நாலு பேரு தெரிஞ்சுக்கட்டும். நம்பரை மட்டும் மாத்திப் போடுங்க" என்றார். மாற்றியிருக்கிறேன். ஊரையும் மாற்றியிருக்கிறேன். கற்றுக்கொண்ட பாடத்துக்கு ஃபீஸ் கட்டியது நான் இல்லை, ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்.

அழிப்பதற்காகப் போனை எடுத்தேன். அதுவரை உள்ளே இருந்த பெண் வெளியே வந்தாள்.

"அழிக்கறதுக்கு முந்தி ஒருக்கா நான் படிச்சுப் பாக்கட்டுங்களா? எல்லாரும் படிச்சுட்டாங்க. நான் இன்னும் படிக்கலீங்க."

கொடுத்தேன். நின்றபடியே, உதடு அசைய, மெதுவாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. அந்த வரி எனக்குத் தெரியும். 'தொடர்ந்து பள்ளிக்கு வந்தால் இம்மாணவி மிகச் சிறப்பாகப் படிப்பாள்.'

"நெசமாவே நல்லாப் படிப்பனுங்களாக்கா?" என்று சுமதியைக் கேட்டாள். சுமதி தலையாட்டினாள். பெண் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கொடியிலிருந்த சீருடையை எடுத்து மடித்து உள்ளே கொண்டுபோனாள்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கும் போன்கள் லைனில் எத்தனையோ. அதெல்லாம் என் கைக்குள் இல்லை. என் கைக்குள் இருந்தது ஒரு டெலீட் பட்டன். அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னங்கம்மா கேக்குது?"

"நெசமாவே அழிக்கட்டுமான்னு கேக்குதுங்க. நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுது."

"போடறப்ப இப்படிக் கேட்டுச்சுங்களா?"

கேட்கவில்லை. பலூன்தான் விட்டது.