சென்ட்ரலுக்கு டிக்கெட் இல்லை

பறக்கும் ரயில் மயிலாப்பூர் வரைக்கும் வந்த புதுசு. திருமயிலை ஸ்டேஷன் புக்கிங் கவுண்டரில் எனக்கு அது முதல் வாரம். கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை, பூங்கா நகர், கோட்டை, கடற்கரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அந்தத் திமிரில்தான் மாட்டிக்கொண்டேன்.

ஜனங்களுக்கு அந்தப் பெயர்கள் இன்னும் பழகவில்லை. ஒருத்தர் எங்கள் ஸ்டேஷன் இருக்கும் லஸ்ஸிலேயே நின்றுகொண்டு "லஸ் ஒண்ணு குடுங்க" என்பார். பெசன்ட் நகரிலிருந்து வந்த ஒரு குடும்பம், பூங்கா நகரில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் இருக்குமா என்று கேட்டது. எனக்கு ஒரே சிரிப்பு.

ஒருநாள் காலை ஒன்பதரை இருக்கும். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் அந்தோணியம்மா, மகள் ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"நைனா, சென்ட்ரலுக்கு ரெண்டு குடு. பொண்ணுக்கு அங்க பெரிய ஆஸ்பத்திரில நர்ஸ் படிப்புக்கு இன்டர்வியூ. பத்து மணிக்கு நிக்கணும். பஸ்ஸு பாதில படுத்துக்கிச்சு."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சென்ட்ரல்னு இந்த லைன்ல ஸ்டேஷனே இல்லம்மா."

"இல்லியா? அப்போ இம்மா உசரத்துல கட்டி இன்னாத்துக்கு கீது?"

ஸ்டெல்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் ஆட்டோ பிடிக்க ரோட்டுக்கு ஓடினார்கள்.

அடுத்து நின்றவர் "பூங்கா நகர் ஒண்ணு" என்றார். டிக்கெட்டை நீட்டும்போதுதான் உறைத்தது. அட மடையா! நான் பெரம்பூர்க்காரன். தினமும் சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து, பூங்கா நகரில்தானே இந்த ரயிலில் ஏறுகிறேன்! அந்த ஆஸ்பத்திரியும் அங்கேதான்.

பூங்கா நகருக்கு இரண்டு டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, கவுண்டரைப் பூட்டிவிட்டு வெளியே பாய்ந்தேன். "எங்கய்யா ஓடற?" என்று சூப்பர்வைசர் கத்தினார். அந்தோணியம்மா ஆட்டோவில் ஒரு காலை வைத்தாயிற்று.

"யம்மா! பூங்கா நகர்தாம்மா உங்க சென்ட்ரல்! எறங்குங்க!"

டிக்கெட்டைக் கையில் திணித்துப் படியேற்றிவிட்டேன். மேலே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஏறினார்களா, போய்ச் சேர்ந்தார்களா, ஒன்றும் தெரியாது. சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுகூடப் பெரிதாகப் படவில்லை. ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் கவுண்டர் ஓட்டையில் ஒரு முகம் தெரிந்தது.

"எடுத்துக்கினாங்க நைனா!"

பின்னால் ஸ்டெல்லா வாயெல்லாம் பல்லாக நின்றாள். சந்தோஷத்தில் நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

"திரும்பி வரச்சொல்ல, அங்க மயிலாப்பூர் ரெண்டுன்னு கேட்டேன். மயிலாப்பூர்னு ஸ்டேஷனே இல்லன்றான் அந்த ஆளு! காலைல ஒருத்தன் இப்டித்தான் சொல்லிட்டு அப்பால பின்னாடியே ஓடியாந்தான், நீயாச்சும் ஓடாம குடுன்னேன். சிரிச்சிக்கினே குடுத்துட்டான்."

அன்றிலிருந்து யார் எந்தப் பெயரைச் சொன்னாலும், 'இல்லை' என்பதற்கு முன்னால், "அங்க எந்த இடத்துக்குப் போகணும்?" என்று கேட்பேன். கவுண்டரில் உட்காரும் தம்பி, தங்கைகளே, நீங்களும் கேளுங்கள். ஓட வேண்டியிருக்காது.