நாகானோ மலையில் ராசநாயகம் அண்ணை

ராசநாயகம் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் அபி தொலைபேசியில் சொன்னபோது நான் ஒஸ்லோவின் குரோருட் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். "வடிவாத் தெரியுமோ?" என்று, செய்தி நிச்சயம்தானா என்பதுபோல, கேட்டுவிட்டேன். அழுதுகொண்டிருந்தவள் ஒரு கணம் சிரித்தாள். "அப்பா கேக்கிற மாதிரியே கேக்கிறியள், மாமா."

அவரை அறிந்த உங்களுக்கு அந்தச் சிரிப்பு விளங்கும். ஒஸ்லோவில் நாங்கள் இருவரும் பேருந்து ஓட்டினோம். டயரை இன்னொருவர் பார்த்துச் சரி என்றாலும், அண்ணை மறுபடி குனிந்து பார்ப்பார். கலியாண வீட்டிலும் சோற்றை மணந்து பார்த்துத்தான் வாயில் வைப்பார். "நான் ஆரையும் குறை சொல்லேல்லை. நம்பேல்லை, அவ்வளவுதான்" என்பார். அதற்குக் காரணம் இருந்தது. நாட்டை விட்டு அவரைக் கூட்டிவந்த ஏஜென்ட், "இதிலை நில்லுங்கோ, இப்ப வாறன்" என்று ஏதோ ஒரு ரயில் நிலையத்தில், பனிக்குள் விட்டுப் போனவன். திரும்பி வரவேயில்லை.

கோல்ஃப் அவருக்குப் பிடித்ததும் அதனால்தான். "பந்து விழுந்த இடத்திலை கிடக்கும். ஆரும் கதை விட ஏலாது."

ஓய்வு பெற்றபின், அபி அப்போது வேலை செய்த ஜப்பானின் நாகானோவுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மலைச்சரிவில் ஒரு கோல்ஃப் மைதானம். மட்டைகளைக் கொண்டுவந்து வழிகாட்டிய நடுவயதுப் பெண், குழிக்கு இடப்பக்கமாக அடிக்கச் சொன்னார். கண்ணுக்கோ நிலம் இடப்பக்கம்தான் சரிந்து தெரிந்தது.

"மலை கண்ணை ஏமாத்துமாம், அப்பா" என்று அபி மொழிபெயர்த்தாள்.

"மலையோ, இவவோ?" என்றார் அண்ணை. வலப்பக்கமாக அடித்தார். பந்து இன்னும் வலப்பக்கம் ஓடியது. குனிந்து புல்லைத் தடவிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "முன்னமே ஏதோ செய்து வைச்சிருக்கினம்."

கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. குழியில் நட்டிருந்த கொடி மறைந்தது. திரும்பிப் போக, அந்தப் பெண் மேலே ஏறும் ஒடுங்கிய பாதையைக் காட்டினார். அண்ணை கீழ்ப்பக்கப் புல்வெளியில் இறங்கத் தொடங்கினார். "இதாலைதான் வந்தனாங்கள். எனக்குத் தெரியும்."

அந்தப் பெண் ஓடிப்போய் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தார். அண்ணை உதறினார். அந்தப் பெண் விடவில்லை. இழுபறியில் மட்டை அண்ணையின் கையிலிருந்து நழுவியது. புல்லில் விழும் சத்தம் கேட்கவில்லை. பிறகு, எங்கோ ஆழத்தில், கல்லில் மோதும் சத்தம் கேட்டது.

அண்ணை அப்படியே ஈரப்புல்லில் இருந்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். நன்றி சொல்லவில்லை. "இவ ஏன் என்னை விட்டிட்டுப் போகேல்லை?" என்று மட்டும் கேட்டார். அபி அதை மொழிபெயர்க்கவில்லை.

அன்றோடு அவர் மாறிவிட்டார் என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் ஒவ்வொரு குளிசையையும் இரண்டு தாதியரிடம் விசாரித்த பிறகுதான் விழுங்கினார். ஆனால் கடைசிக் கிழமை ஒரு பின்னேரம் நான் போயிருந்தபோது, "கொஞ்சம் நித்திரை கொள்ளப்போறன். நீ இரு" என்றார்.

"இருக்கிறன், அண்ணை."

ஒரு கண்ணைத் திறந்து நான் இருக்கிறேனா என்று பார்ப்பார் என நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, ஆழ்ந்து தூங்கினார். அந்தப் பின்னேரத்தை நான் இன்னும் மனதில் வைத்திருக்கிறேன்.