அப்பா பேசிய கேசட்

அப்பாவுக்குப் போன் செய்தால் "ம்" என்பார், "சரிம்மா" என்பார், போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்து விழும். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டது, பக்கத்து வீட்டு மாமரம் பூத்தது, நான் ஏன் இப்படி இளைத்துப் போனேன் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதைப் போனிலேயே பேசியிருந்தால் என்ன என்று என் கணவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஸ்ரீரங்கம் வீட்டுக் கேசட்டுகள் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா துபாயில் ஏ.சி. மெக்கானிக். கடிதம் எழுத அவருக்கு வராது. பேனாவைப் பிடித்தால் 'நலம், நலமறிய ஆவல்' தாண்டி ஒரு வரி நகராது. அங்கிருந்து போன் பேசுவதென்றால் செலவு நெஞ்சை அடைக்கும். அதனால் கேசட்டில் பேசி, லீவில் ஊருக்கு வருகிற லால்குடிக்காரர், துறையூர்க்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். வாசனைச் சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவில் அது வந்து சேரும். வாசனைச் சோப்பு மணக்க மணக்கத்தான் அப்பா பேசுவார்.

கேசட் வந்த அன்று வீட்டில் திருவிழாதான். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, டேப் ரெக்கார்டரை மேசைமேல் வைத்து, ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் மாதிரி பஞ்சால் அதன் உள்ளே துடைப்பார். பிறகுதான் பட்டன். முதலில் 'உஸ்' என்று ஒரு இரைச்சல், எங்கோ ஒரு குக்கர் விசில், யாரோ மலையாளத்தில் சிரிப்பது, அப்புறம் அப்பாவின் கனைப்பு.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்டால் பதிலுக்கு இடம் விடுவார். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார், டேப் மட்டும் ஓடும். அந்த இடத்தில் அம்மா பதில் சொல்வாள். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு, எங்கள் எல்லோர் முன்னாலும். "பரவாயில்லைங்க, முட்டிதான் கொஞ்சம் வலிக்குது..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் அப்பா அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் கோபம் வந்துவிடும். "டேய், நிறுத்துடா. நான் இன்னும் சொல்லி முடிக்கலை" என்பாள். மாமா நிறுத்துவார். மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டு, "ம், இப்பப் போடு" என்பாள். சண்டைகூட நடக்கும். வீட்டுக்காரம்மாவை ஏன் பகைத்துக்கொள்கிறாய் என்று ஒருமுறை கேசட் கேட்டுவிட்டது. அம்மா அதை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள், அந்த வாரம் முழுக்க டேப் ரெக்கார்டர் பக்கமே போகவில்லை.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். கூடவே கறுப்பாக, பளபளவென்று ஒரு சி.டி. செட்டும் வந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அப்பா தினமும் அதன் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். கேசட்டில் அவ்வளவு பேசிய மனுஷன் நேரில் வாயே திறக்கவில்லை. சாப்பாடு பிடித்தாலும் "ம்". பிடிக்காவிட்டாலும் "ம்". அப்பா என்றால் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று நான் விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் சிங்காரத்தோப்புக் கடை ஒன்றில் எக்ஸ்சேஞ்ச் மேளா போட்டார்கள். பழைய சாமான் எது கொடுத்தாலும் புது மிக்சியில் விலை குறைப்பு. எங்கள் மிக்சி சட்னி அரைப்பதைவிட ஊரைக் கூட்டுவதில்தான் கெட்டி. புதுசு வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்ததும் அம்மாதான். மாமாவுக்குச் சட்டென்று யோசனை வந்தது. டேப் ரெக்கார்டரையும் கேசட்டுகளையும் ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அம்மா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். "மாமா மிக்சி வாங்கப் போறாரு, பழைய டேப்பைக் கொடுத்து" என்று சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். சோப்பு நுரைக் கையோடு அம்மா ஓடினாள். தெருவில் அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நின்றிருந்தது. மாமா ஒரு காலைப் படியில் வைத்திருந்தார்.

"எறங்குடா!"

பஸ்ஸே எட்டிப் பார்த்தது. மாமா பயந்துபோய் இறங்கினார். "என்னக்கா நீ? அத்தான்தான் வந்துட்டாரே, இனிமே இது எதுக்கு?"

"உனக்கு என்னடா தெரியும்? குடு இப்படி!" என்று பையைப் பிடுங்கினாள். அம்மாவின் கண் நிறைந்திருந்தது. ஒரு மிக்சிக்காக யாராவது அழுவார்களா என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். "வேணாம்னா விடு, மிக்சி அப்புறம் வாங்கிக்கலாம்" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய பெரிய பேச்சு அதுதான். மறுநாள் அவரே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, டேப் ரெக்கார்டருக்குப் புது பெல்ட் மாட்டிக் கொடுத்தார். நல்ல மனுஷன். எதற்கு வேண்டும் என்று மட்டும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்தேன். ஹாலில் சி.டி. பாடிக்கொண்டிருந்தது, அப்பா கண்ணை மூடியிருந்தார். சமையற்கட்டில் மேடைமேல் டேப் ரெக்கார்டர் மெல்லிய குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு என்ன குழம்பு?" என்றது கேசட்.

"முருங்கைக்காய் போட்டுப் புளிக்குழம்புங்க. காய்தான் முத்தலா மாட்டிக்கிச்சு. உங்களுக்குப் பிடிக்குமேன்னு துளி வெல்லம் போட்டிருக்கேன்" என்றாள் அம்மா, கரண்டியும் கையுமாக.

"அம்மா, அப்பா ஹால்லதானே இருக்காங்க? அங்க போய்ச் சொல்லேன்."

அம்மா திரும்பிக் குழம்பைக் கிளறினாள். பாவம், அடுப்பில் வேலை என்று நினைத்துக்கொண்டு நானே ஹாலுக்கு ஓடினேன். முருங்கைக்காய், முத்தல், வெல்லம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

"ம்" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

திரும்பி ஓடிவந்து, "அப்பாகிட்ட நானே சொல்லிட்டேம்மா. இனிமே நீ அதுகிட்ட சொல்ல வேண்டாம்" என்றேன். அம்மா என்னை இழுத்து இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன்.