கூரிக்கு யாரும் எழுந்திருக்கிறதில்ல

மட்டாஞ்சேரி போட் ஜெட்டி பக்கத்துல தூண்டிலும் இரையும் விக்கற கடை என்னோடது. மீன் பிடிச்சவன் என்னைக்காவது வருவான், தப்பவிட்டவன் மறுநாளே வருவான், இந்தத் தொழில் நடக்கறதே அப்படித்தான்.

நீங்களும் காயல் கரையில மூணு மணி நேரம் வெயில்ல காஞ்சு, கடைசில மார்க்கெட்டுல அயிலை வாங்கி, நாமளே பிடிச்ச மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு வீட்டுப் படியேறின ஆளா? அப்போ இப்படி பக்கத்துல உக்காருங்க. அயிலை கடல்மீன்னு வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியும். பாவம்னு ஒண்ணும் கேக்கறதில்ல, அவ்வளவுதான்.

கூரியோட குரல்

நம்ம ஊர்ல கெளுத்தின்னு சொல்ற மீசைக்கார மீனுக்கு இங்க கூரின்னு பேரு. முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணுன்னு மூணு முள்ளு. குத்திச்சுன்னா ஒரு நாள் பூரா கை கடுக்கும். தண்ணிய விட்டு வெளில எடுத்ததும் அது பேசும். நெஜமாத்தான். 'க்ர்ர்... க்ர்ர்...'னு, துருப்பிடிச்ச கதவைத் தயங்கித் தயங்கித் திறக்கற மாதிரி.

எனக்கு எந்தச் சத்தம் கேட்டாலும் தொண்டைல ஒட்டிக்கும். போட்டோட ஹாரன், ஜூ டவுன்ல டூரிஸ்டுகளைக் கூப்பிடற கடைக்காரரோட கெஞ்சல், என் பொண்டாட்டி அவ அம்மாகிட்ட மட்டும் போன்ல பேசற குரல், எல்லாம் வரும். கடைசி ஐட்டத்தை வீட்டுல செய்யறதில்ல. கூரி குரல் படிய மட்டும் ஒரு மழைக்காலம் ஆச்சு. யாராவது தூண்டிலைத் தூக்கற நேரம் பார்த்து பின்னாடி நின்னு 'க்ர்ர்'னு விடுவேன். "சே, கூரி"ன்னு அவங்க முகம் தொங்கும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் வேலைக்காகாது. ஜெட்டி ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டற ஜோசப் சேட்டன் இதுல நாலு தடவை ஏமாந்தவர். அஞ்சாவது தடவை சொன்னாரு: "கூரிக்கு முள்ளுலதான் விஷம். உனக்கு வாயிலயாக்கும்."

எழுந்திருக்கிற மரியாதை

எங்க கரைக்கு ஒரு சட்டம் உண்டு. போர்டு எதுவும் கிடையாது. ஒருத்தர் தூண்டில்ல காளாஞ்சி மாட்டினா, அதாவது நம்ம கொடுவா, மத்தவங்க எல்லாம் எழுந்து அவங்கவங்க தூண்டிலைச் சுருட்டிக்கணும். சிக்கு விழக்கூடாது இல்லையா. பக்கத்து ஆளு கம்பு வச்ச வலையோட ஓடிப்போய் மீனைத் தாங்கணும். கூரின்னா யாரும் அசைய மாட்டாங்க. கையில இருக்கற சாயா கிளாஸைக்கூட கீழ வைக்க மாட்டாங்க.

ஒரு நாள் கலூர்லேர்ந்து ஒரு தம்பி வந்தாரு. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, பளபளன்னு புதுக் கம்பு. ஏதோ மாட்டினதும் "சேட்டா, வலை, வலை"ன்னு கூப்பிட்டாரு. கம்பு வளைஞ்ச தினுசைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒருத்தரும் திரும்பல. அவரே தூக்கினாரு. உள்ளங்கை நீளத்துல ஒரு கூரி. "இங்க மனுஷங்களே இல்லையா?"ன்னு கேட்டாரு. எங்க கரையிலேயே மூத்தவரு ஹமீதிக்கா. தக்கையிலேர்ந்து கண்ணை எடுக்காம சொன்னாரு: "இருக்கோம் தம்பி. கூரிக்கு இல்ல."

இக்கா குடுத்த வாக்கு

ஹமீதிக்காவுக்கு, எங்க எல்லாருக்கும் இக்கா, அதாவது அண்ணன், ஜூ டவுன்ல சுக்குக் கிடங்குல வேலை. பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். வீட்டுல தமிழ், பள்ளிக்கூடத்துல மலையாளம். அதனால தமிழ்ல அழகா திட்டுவாரு, ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. நாப்பது வருஷமா தூண்டில் போடறாரு. தூண்டில் முள்ளை நரம்புல முடியறதுல அவர்தான் ஆசான். என் கடைல முள்ளு வாங்கறவங்க என்னை முடியச் சொல்ல மாட்டாங்க. நேரா அவர்கிட்ட கொண்டுபோய் நீட்டுவாங்க.

அவரு பொண்ணைப் பாலக்காட்டுலதான் கட்டிக் குடுத்தாரு. ஞாயித்துக்கிழமை மருமகனும் சம்பந்தியும் முதல் விருந்துக்கு வராங்க. திங்கக்கிழமை கரையில உக்காந்தே போன்ல சொல்லிட்டாரு: "காளாஞ்சி வைக்கறேன் சம்பந்தி. கடைல வாங்கினது இல்ல, என் கையால பிடிச்சது." கரை முழுக்கக் கேட்டுது. புதன்கிழமை வரைக்கும் அவருக்குக் கிடைச்சது ஏழு கூரி. அவரு பொண்டாட்டி மைமூனா இத்தா என் கடைக்கே வந்து, நல்ல இரையா குடுக்கச் சொல்லிட்டு, பெருமூச்சு விட்டாங்க: "மருமகனுக்கு வாக்கு குடுக்கறதுக்கு முன்னாடி மீனுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

எட்டு பேர் உக்காந்த கதை

வியாழக்கிழமை சாயங்காலம், ஏத்தத் தண்ணி நிக்கற நேரம். வைப்பின் தீவுப் பக்கத்துலேர்ந்து ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமா மிதந்து வருது. இக்காவோட கம்பு வளைஞ்சுது. மீன் அடியிலேயே கனமா கிடந்து இழுக்குது. கூரியா காளாஞ்சியான்னு தெரியல. கரையில எட்டு பேர், எழுந்திருக்கலாமா வேண்டாமான்னு பாதி எழுந்து பாதி குந்தி நிக்கறாங்க. அந்தக் காட்சியப் பார்த்துட்டு உங்க வாய் சும்மா இருக்குமா? என் வாய் இருக்கல. 'க்ர்ர்.'

எட்டு பேரும் உக்காந்தாங்க. அடுத்த நொடி தண்ணி பிளந்துது. கை நீளத்துக்கு வெள்ளையா ஒண்ணு எம்பி, தலையை ஒரு உதறு உதறி, உள்ள போச்சு. தூண்டில் நரம்பு தொய்ஞ்சுது. வலை ஓடல, அதனால கம்பு தாழ்ந்துது, பிளேடு மாதிரி இருக்கற செவுள் மூடி நரம்பை அறுத்துது, எல்லாத்துக்கும் காரணம் செல்வத்தோட, அதாவது என்னோட, வாய். ஜோசப் சேட்டன் தலைமைல ரெண்டு நிமிஷத்துல இதுதான் தீர்ப்புன்னு ஆயிடுச்சு. இக்கா அதுக்குள்ள எழுந்துட்டாரு. வெறும் நரம்பை வேக வேகமா சுருட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டு என் கடையைத் தாண்டிப் போனாரு. ரெண்டடி போய்த் திரும்பினாரு: "செல்வம், கூரி எப்பலேர்ந்து வெள்ளைச் சட்டை போட ஆரம்பிச்சுது?"

வாயில பூட்டு

வெள்ளிக்கிழமை கடையைப் பொண்டாட்டிகிட்ட விட்டுட்டு, துடிக்கிற இறாலா பொறுக்கி எடுத்துக்கிட்டு இக்கா பக்கத்துல போய் உக்காந்தேன். கையில வலை. வாயைத் திறக்கறதில்லன்னு சத்தியம். அன்னைக்கு அவருக்கு வரிசையா நாலு கூரி. நாலும் சொந்தக் குரல்ல கத்துச்சு. ஒவ்வொரு தடவையும் எட்டு தலை என் பக்கம் திரும்புச்சு. வாயைத் திறந்து காட்டி, நான் இல்லன்னு கையை ஆட்டினேன். என்னையே ஒரு மீன் மிமிக்ரி பண்ணி மாட்டிவிடற நிலைமை எனக்கு. ஜோசப் சேட்டனுக்கே பொறுக்கல: "இவன் மிண்டாம இருந்தா கரையில யாரோ மரிச்ச மாதிரி இருக்கு. கொஞ்சம் பேசிக்கோடா."

கடைசி ஏத்தம்

சனிக்கிழமை மத்தவங்க வர்றதுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் உக்காந்துட்டோம். "இக்கா, என் வாயாலதான் உங்க வாக்கு போச்சு. மன்னிச்சிருங்க"ன்னேன். இக்கா சட்டைப் பையிலேர்ந்து அந்த நரம்பை எடுத்து என் உள்ளங்கைல வச்சாரு. நான் தூண்டில் கடைக்காரன். அறுந்த நுனி நேரா இருக்கும். இது கம்மல் மாதிரி சுருண்டிருந்துச்சு. முடிச்சு நழுவினாத்தான் அப்படிச் சுருளும். இக்கா குரலைத் தாழ்த்தினாரு: "கத்தினது நீதான்னு அப்பவே தெரியும். மீன் தண்ணிக்குள்ள, சத்தம் என் முதுகுக்குப் பின்னால. நான் கம்பைத் தாழ்த்தவே இல்ல. சம்பந்தி நினைப்புல முடிச்சைச் சரியா இறுக்கல. நாப்பது வருஷம்டா. வெளில சொல்லிடாதே. பழி உன்மேலயே இருக்கட்டும், உனக்குப் பழக்கம்தானே?"

சரின்னேன். சாயங்காலம், எல்லாரும் வந்தப்புறம், கம்பு மறுபடி வளைஞ்சுது. அதே கனம், அதே அடித்தண்ணி. நான் வலையோட எழுந்தேன். இக்கா திரும்பாமலே, "கத்து"ன்னாரு. "என்ன இக்கா?" "வியாழக்கிழமை நீ கத்தினப்போ அடியில காளாஞ்சி கிடந்துச்சு. கத்துடா." என் வாழ்நாள்ல அவ்வளவு பயபக்தியோட நான் எதையும் செஞ்சதில்ல. 'க்ர்ர்...' கரை மூச்சு விடல. தண்ணி கலங்கி, மீசை தெரிஞ்சு, முழங்கைத் தடிமனுக்கு ஒரு கூரி வலைக்குள்ள வந்து விழுந்து, என் முகத்தைப் பார்த்து பதில் சொல்லிச்சு. இக்கா அந்த வாரத்துலயே முதல் தடவையா சிரிச்சாரு: "உன் சொந்தக்காரன்தான் செல்வம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்."

விருந்து

ஞாயித்துக்கிழமை என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. குடம்புளி போட்டு செக்கச்செவேல்னு கறி. இக்கா சட்டியை நடுவுல வச்சு சொல்லிட்டாரு: "சொன்னது காளாஞ்சி. இது கூரி. ஆனா என் கையால பிடிச்சது." சம்பந்தி ஒண்ணும் பேசல. அந்த அமைதிய நான் தாங்கிக்கிட்டு இருந்திருக்கணும். அதை நிரப்பறேன்னு, எங்க கரையில கூரிக்கு யாரும் எழுந்திருக்கக்கூட மாட்டாங்கன்னு சொல்லித் தொலைச்சேன். மைமூனா இத்தா என்னைப் பார்த்த பார்வைல மூணு முள்ளு இருந்துச்சு.

மருமகன் ஒரு துண்டைச் சாப்பிட்டான். விரலைச் சப்பினான். இன்னொண்ணு போட்டுக்கச் சட்டி எட்டல. எழுந்தே நின்னுட்டான். நின்னபடியே சொன்னான்: "எங்க ஆத்தங்கரைல கெளுத்திக்குத்தான் மாமா எல்லாரும் எழுந்திருப்போம்."

அந்த முடிச்சு விஷயத்தை வெளில சொல்றதில்லன்னு இக்காவுக்குக் குடுத்த வாக்கை நான் இன்னைக்கும் காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்கேன், ஏன்னா இதை எழுதியிருக்கறது தமிழ்ல, எங்க கரையில தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.