அண்ணியின் எட்டுத் தலைமுறையும் நம்முடைய இரண்டும்

அண்ணன் மறைந்து ஒரு வருடம் முடிகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் என் கும்பிடு. கும்பிட்ட கையோடு சண்டையும் போடப் போகிறேன். "செத்தவரைப் பத்தி எழுதற எடத்துல கோவம் எதுக்கு அம்மிணி?" என்பவர்கள் அண்ணனுடைய படத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். இலை போட்டிருக்கிறது.

போன வருடம் அண்ணனுடைய பதினாறாம் நாளுக்கு ஊரில் ஒரு கருமாதிக் கார்டு அடித்தார்கள். பங்காளிகள் பெயர் இருந்தது, மாமன் மைத்துனன்மார் பெயர் இருந்தது, நெல் மண்டியில் கூட்டு வைத்திருப்பவர் பெயர்கூட இருந்தது. அண்ணனின் மனைவி பெயர் இல்லை. பெற்ற மகள் பெயரும் இல்லை. அண்ணியின் பெயர் மார்த்தா. நாலே எழுத்து. அதற்குத்தான் கார்டில் இடம் போதவில்லை!

அண்ணன் பிறந்தது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் பாயும் ஊர். அம்மா போனபோது அவருக்குப் பத்து வயது, எனக்கு மூன்று. பள்ளிக்கூடத்துக்கு எனக்குத் தலை பின்னிவிட்டவர் அவர்தான். ஒரு சடை மேலே நிற்கும், ஒன்று கீழே தொங்கும். நான் பத்தாவதோடு நின்றேன். அவர் கோயமுத்தூரில் படித்து, கம்ப்யூட்டர் வேலைக்கு மூன்று வருடம் விட்டுப் போவதில்லை என்று பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டு அமெரிக்காவுக்கு, ஜெர்சி சிட்டிக்கு வந்தார். ஓர் அறையில் ஐந்து பேர், ஒரே குக்கர். தினமும் ரயிலேறி மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்குப் போவார். வீட்டுக்குப் பக்கத்து நூலகத்தில் வேலை பார்த்த அண்ணியை அங்கேதான் பார்த்தார்.

கல்யாணச் செய்தியை போனில் சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி.

"என்ன கூட்டம்?"

எங்கள் பக்கத்தில் கூட்டம் என்றால் வம்சப் பிரிவு. பெண் பார்க்கப் போனால் காப்பி வருவதற்கு முன் இந்தக் கேள்வி வந்துவிடும்.

"அவங்க ஜெர்மன்காரங்க வழிங்கப்பா. இங்க வந்து இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

"கப்பல் கூட்டமா? அப்பன் பாட்டன் தெரியாதவ என்ற வீட்டுக்கு மருமவளா வரோணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். சிரிக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாயாடிக்கு அன்று நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்தக் கட்டுரையில் உள்ள கோபத்தில் ஒரு பங்கு எனக்கே சேரும்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள். அண்ணன் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். மூன்று வருடம், சனி ஞாயிறு எல்லாம் அதுவே வேலை. நியூஜெர்சியின் மேற்கே மலைச்சரிவில் அண்ணியின் முன்னோர் குடியேறிய ஊரும் பழைய லுத்தரன் தேவாலயமும் இருக்கின்றன. கல்லறைக் கற்கள் மழையில் கரைந்து வழவழவென்று ஆகிவிட்டன. அண்ணன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுபோய், வெயிலைத் திருப்பிக் கல்லின் மேல் சாய்வாக விழவைப்பார். கண்ணுக்கே தெரியாத எழுத்து நிழலாக எழுந்து நிற்கும். ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாதவர், பிறந்தார் எது, இறந்தார் எது என்று எழுத்துக் கூட்டியே கற்றுக்கொண்டார்.

கூடப் போனவர் அண்ணியின் சித்தப்பா. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக அவரும் இதைத் தேடி, மூன்றாம் தலைமுறையில் முட்டிக்கொண்டு நின்றிருந்தார். தேவாலயப் பதிவேட்டில் யோஹான் என்று ஒருவர், மூன்று மனைவிகள், பதினாறு பிள்ளைகள். இரண்டு பிள்ளைகளுக்கு வயது வித்தியாசம் நாலே மாதம்!

அண்ணன் பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம்.

"அங்கிள், இது ஒருத்தர் இல்லைங்க. மூணு பேர். அண்ணன் தம்பிங்க."

"மூணு பேருக்கும் எப்படிப்பா யோஹான்னே பேர் வைப்பாங்க?"

"எங்க வீட்ல மூணு பெரியப்பாவும் பழனிச்சாமிதாங்க. அது சாமிக்கு வைக்கிற பேரு. கூப்பிடறதுக்கு வேற பேரு இருக்கும், பக்கத்துல பாருங்க."

பார்த்தால் யோஹான் பீட்டர், யோஹான் ஆடம், யோஹான் ஜார்ஜ். ஞானஸ்நானத்துக்கு ஒரு பெயர், சோற்றுக்குக் கூப்பிட இன்னொரு பெயர். முப்பது வருட முடிச்சு ஒரு நிமிடத்தில் அவிழ்ந்தது. "அடப்பாவி, எங்க தாத்தாவுக்கு மூணு பொண்டாட்டின்னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேனே, கெடுத்துட்டியே!" என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டுக் கண்ணையும் துடைத்துக்கொள்வார்.

அப்படியே மேலே ஏறி, எட்டாம் தலைமுறையில் கப்பல் இறங்கிய மனிதரைப் பிடித்தார்கள். அவர் பிரபு இல்லை. கப்பல் கூலி கொடுக்க வழியில்லாமல், ஒரு மாவு ஆலைக்காரருக்கு நாலு வருடம் உழைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கரையிறங்கிய ஏழை. அண்ணி முகம் சுருங்கியபோது அண்ணன் சொன்னாராம்: "நானும் பாண்டு எழுதிக் குடுத்துட்டு வந்தவன்தானே? பொருத்தம் பாத்தாச்சு, பத்துக்குப் பத்து."

எட்டுத் தலைமுறையையும் தமிழில், கட்டம் போட்டு, அழகாக எழுதி அப்பாவுக்கு அனுப்பினார். தபால்காரர் வந்தபோது நான் வாசலில் இருந்தேன். பெரிய பழுப்பு உறை. அப்பா அனுப்பியவர் பெயரைப் பார்த்தார். உட்காரக்கூட இல்லை. "வேண்டாம்னு எழுதித் திருப்பியனுப்பு," என்றார். தபால்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மறு வருடம் கல்யாணமாகி நானும் நியூஜெர்சிக்கே, எடிசன் நகரத்துக்கு வந்தேன். விமான நிலையத்துக்கு வந்த அண்ணன் அந்த உறையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அண்ணி அரிசியும் பருப்பும் வைத்து, குழையவிட்டு, "சாரி, சாரி" என்று பரிமாறினார். என் பிரசவத்தில் மூன்று வாரம் லீவு போட்டு எனக்குத் தலைக்கு ஊற்றியவர் அவர். அன்று சுற்றி நின்று சிரித்த அத்தைமார் ஒருவரும் ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பவில்லை.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று அண்ணனை இரவு பகலாக வேலை வாங்கினார்கள். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அண்ணனின் இதயம் நின்றது, வசந்தத்தில் ஒரு காலை, ரயில் நிலையப் படிக்கட்டில். முப்பத்தாறு வயது.

பதினாறாம் நாள் இங்கேயும் கோயில் மண்டபத்தில் காரியம். அண்ணியும் ஆறு வயது மகளும் உட்கார்ந்திருந்தார்கள். குருக்கள் கேட்டார்:

"அவரோட அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா, மூணு பேர் பேரும் சொல்லுங்கோ."

அப்பா பெயர் சொன்னேன். தாத்தா பெயர் சொன்னேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. மண்டபத்துக்கு வெளியே போய், போன் கார்டைச் சுரண்டி ஊருக்குக் கூப்பிட்டேன்.

"அப்பா, உங்க தாத்தா பேரென்னங்கப்பா?"

அப்பா பக்கத்தில் இருந்த பெரியப்பாவைக் கேட்பது கேட்டது. அவர் அத்தையைக் கேட்பதும் கேட்டது. பிறகு அப்பா சொன்னார்: "தெரீலியே அம்மிணி."

"தெரியலேன்னா பரவால்லம்மா, பொதுவா ஒரு பேர் சொல்லிக்கலாம்," என்றார் குருக்கள், பாவம், நல்ல மனிதர். என்ன ஆயிற்று என்று அண்ணி ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். "அது அவர் காலியாக விட்ட கட்டம்," என்றார்.

அன்று மாலை அண்ணி அந்தப் பழுப்பு உறையை எடுத்து வந்து பிரித்தார். திரும்பி வந்த நாள் முதல் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று அண்ணியின் வீடு, எட்டுக் கட்டங்கள், எட்டும் நிறைந்திருந்தன. மற்றது நம் வீடு. அப்பா, தாத்தா, அதற்கு மேல் ஒரு வெற்றுக் கட்டம். ஓரத்தில் அண்ணன் கையெழுத்து: "அப்பா, இது எனக்குத் தெரியவில்லை. எழுதி அனுப்புங்கள். நம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? மகனிடம் மருமகளுடைய பாட்டனைக் கேட்ட வீட்டில், தன் பாட்டன் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்ட பிள்ளைக்குப் பதிலும் போகவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைப் படிக்கட்டிலிருந்து தூக்கிய முகம் தெரியாத பயணிகளுக்கு. ஜெர்சி சிட்டி அறை நண்பர்களுக்கு. பதினாறு நாளும் எங்களை அடுப்பு மூட்ட விடாத எடிசன் ஓக் ட்ரீ ரோடு ஆன்ட்டிகளுக்கு. தன் குடும்பக் கல்லறைத் தோட்டத்திலேயே அண்ணனின் சாம்பலுக்கு இடம் கொடுத்த சித்தப்பாவுக்கு. எல்லோருக்கும் மேலாக, எங்கள் மார்த்தா அண்ணிக்கு.

அடுத்த பக்கத்தில் அந்த இரண்டு தாள்களையும் அண்ணன் எழுதியபடியே அச்சிட்டிருக்கிறோம். அப்பா, உங்களுக்கு முதல் பிரதி. இந்த முறை உறை போடாமல் அனுப்புகிறேன், பிரிக்க வேண்டிய வேலை இல்லை. வெற்றுக் கட்டத்தை நான் நிரப்பவில்லை. கூட்டம் கேட்டவர்கள் யாராவது பேனாவை எடுங்கள். எழுதி அண்ணி பெயருக்கு அனுப்புங்கள். பிள்ளை காத்திருக்கிறாள்.