நூற்று அறுபது வோல்ட் கல்யாணம்

பெருநகர் கிராமத்தில் மைக்செட் கடை வைத்திருந்த ஏகாம்பரத்துக்கு முப்பத்தாறு வயதுவரை பெண் கிடைக்காததற்கு அவன் வாயைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பான். கையில் மைக் வந்துவிட்டால் நாக்கில் சனியன் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு காதுகுத்தில், ஊர் முழுக்கக் கேட்க அறிவித்தான்: "மூணாவது பந்திலயும் குந்திக்கினு கீற வேதாசலம் நைனா, எய்ந்து மத்தவங்களுக்கு எடம் வுடு." இரண்டு பம்புசெட் வைத்திருந்த பெரிய விவசாயி வேதாசலம். எச்சில் கையோடு எழுந்தவர், உன் கல்யாணத்துக்கு எவன் வருகிறான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படி வீட்டுக்கு ஒருவரைப் பகைத்து வைத்திருந்தான்.

ஆனால் கணக்கில் புலி. அவனோடு கம்பு நட்டு ஒயர் இழுத்ததில் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. சீரியல் செட்டில் ஒரு குட்டி பல்புக்கு ஆறு வோல்ட், பாயின்ட் ஒன் ஆம்பியர். வகுத்தால் அறுபது ஓம் ரெசிஸ்டென்ஸ், பெருக்கினால் பாயின்ட் ஆறு வாட். இருநூற்று முப்பது வோல்ட்டுக்கு முப்பத்தெட்டு பல்பை வரிசையாகக் கோக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் சாயங்காலமானால் எல்லாக் கிணற்றிலும் மோட்டார் ஓடும். வீட்டுக்கு வருவது நூற்று அறுபதுதான். முப்பத்தெட்டும் அழுது வடியும். அதனால் பதினொன்றைக் கழற்றிவிட்டு, ஒயரை முறுக்கி, இருபத்தேழோடு கட்டுவான். ஜொலிக்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஒருவழியாகத் தென்னேரிப் பெண் பவளம் சரி என்றாள். அன்றிலிருந்து அவனுக்கு ஒரே பயம். பெண் வீட்டார் முன்னால் பந்தல் காலியாகக் கிடந்தால்? வீடு வீடாகப் பத்திரிகை வைத்தான். வருகிறேன் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேதாசலம் பத்திரிகையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பந்தலில் விளக்குக் கட்டும்போது, முப்பத்தெட்டையும் கட்டலாமா என்று கேட்டேன். வோல்ட் குறைந்தால் காயில் கம்பி எரிந்துபோகும் என்று எவனும் ஆளில்லாமல் மோட்டாரை ஓடவிட மாட்டான். ஊர் வந்தால் மோட்டாரெல்லாம் நின்று வோல்ட் ஏறிவிடுமே. ஏகாம்பரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எவன் வரப் போறான்? மோட்டாரு ஓடிக்கினுதான் இருக்கும். நூத்தி அறுவதுக்கே கட்டு."

கட்டினேன். எனக்கே மனசு கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வரவேற்புக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்தார்கள். எதிரே தென்னேரிக்காரர்கள் மட்டும். சீரியல் செட் கொஞ்ச நேரம் பளபளத்தது. பிறகு மஞ்சள் போய் வெளுத்துக்கொண்டே வந்தது. பட்டென்று ஒரு பல்பு போனது. வரிசையில் ஒன்று போனால் எல்லாம் போச்சு. பந்தல் இருண்டது. அபசகுனம் என்று யாரோ முணுமுணுக்க, பவளம் பதறிப்போனாள்.

ஏகாம்பரம் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். இருநூற்று முப்பதை இருபத்தேழால் வகுத்தால் பல்புக்கு எட்டரை வோல்ட். கரண்டும் கூடவே ஏறும். வாட் இரண்டு மடங்கு. ஆறு வோல்ட் பல்பு எப்படித் தாங்கும்?

"இருநூத்தி முப்பது வந்துட்ச்சி பவளம்," என்றான். "ஒரு மோட்டாரும் ஓடல. எல்லாரும் வந்துகினு கீறானுங்க."

அதுவரை வோல்ட் போதாமல் சிமிட்டிக்கொண்டிருந்த வாசல் டியூப் லைட் பளிச்சென்று பிடித்தது. தெரு நிறைய ஆட்கள். எல்லாருக்கும் முன்னால் வேதாசலம், நேராகப் பந்திப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கோபம் ஏகாம்பரத்தின் மேல்தானே, சாப்பாட்டின் மேல் இல்லையே.

மாப்பிள்ளை மாலையோடு ஓடிவந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். கெட்டது குடி என்று நினைத்தேன்.

"வேதாசலம் நைனா," என்றான். "மூணு பந்திலயும் குந்திச் சாப்புடு. எவனாவது எய்ந்திருன்னு சொன்னா எங்கிட்ட சொல்லு."

வேதாசலம் மூன்று பந்தியிலும் உட்கார்ந்தார்.