வெயிலுக்கு நேரே எடுத்த படம்

போதகர் அம்மாவின் படங்களில் வானம் எப்போதும் எரிந்துபோய்த்தான் இருக்கும். வானம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. அதற்குக் கீழே வயலும் மரமும் ஒரே கரிக்கட்டி. முதன்முதலாக எங்கள் அச்சகத்துக்கு வந்தபோது கைபேசியை மேசைமேல் வைத்து, "தம்பி, கண்ணால பாக்கக்குள்ள எவ்வளவு வடிவா இருந்தது தெரியுமா? இதுக்குள்ள அது எங்க போயிற்று?" என்று கேட்டார். களவு கொடுத்த பொருளைப் பற்றி முறைப்பாடு செய்ய வந்தவரைப் போலிருந்தது அவர் முகம்.

போதகர் அம்மா என்றால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் போதகரின் மனைவியைத்தான் நினைப்பார்கள். இவர் அப்படியல்ல. மெதடிஸ்த சபையின் போதகரே இவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சேலையும் கழுத்தில் சிறிய சிலுவையுமாக ஒரு பழைய ஸ்கூட்டியில் எங்கள் ஊர் வாவியின் இரண்டு கரைகளிலும் சுற்றிக்கொண்டிருப்பார். ஆண்டுதோறும் சபைக்கு நாட்காட்டி அடிப்பது எங்கள் அச்சகத்தில். வேறெங்கோ எடுத்த பனிமலைப் படங்களைப் போடுவதை அவர் வந்து நிறுத்தினார். நம் ஊர் வானமும் நம் ஊர் தண்ணீரும் இருக்கட்டும் என்றார். எடுப்பவரும் அவரே. ஆனால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுக்க அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும் மனம் வராது. நான் காத்தான்குடி ஆள். அந்த அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பதும் படம் திருத்துவதும் என் வேலை. எரிந்த வானங்களோடு மல்லுக்கட்டும் பொறுப்பு இப்படித்தான் எனக்கு வந்தது.

சூரியனைப் பார்த்து எடுக்கும் படத்தில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். நம் கண் இரண்டு பக்கத்தையும் சமாளித்துக்கொள்ளும். கமெராவால் அது முடியாது. நிலத்துக்கு வெளிச்சம் கொடுத்தால் வானம் எரியும். வானத்தைக் காப்பாற்றினால் நிலம் இருளும். எரிந்து வெளுத்த இடத்தில் பிறகு எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. அங்கே எதுவும் பதிவாகியிருக்காது. இருண்ட இடம் அப்படியல்ல. கண்ணுக்கு முழுக் கறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே ஏதோ ஒளிந்திருக்கும், மெதுவாகத் தூக்கினால் மேலே வரும். இதை அவருக்குச் சொல்லி, திரையில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் குட்டிச் சூரியனை விரலால் கீழே இழுத்துவிட்டு எடுக்கும்படி காட்டிக்கொடுத்தேன். சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள் என்றும் சொன்னேன்.

"படம் இருட்டாத்தான் தெரியும். பயப்படாதீங்க. அந்த இருட்டை நான் பாத்துக்கொள்ளுவன்."

"இருட்டுக்குப் பயந்தா நான் இந்த வேலைக்கு வந்திருப்பனா தம்பி?" என்று அவர் சத்தமாகச் சிரித்தார். முதலாளி தன் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த வருடம் நாட்காட்டிக்கு ஒரே ஒரு படம் குறைந்தது. சிறுபோக நெல் வெள்ளாண்மை விளைந்து நின்ற காலம். வவுணதீவுப் பக்கத்து வட்டை எனும் வயல்வெளி ஒன்றில், விளைந்த நெல்லுக்கு மேலே சூரியன் இறங்குவதை எடுக்கவேண்டும் என்று போதகர் அம்மா பிடிவாதமாக இருந்தார். அஸர் தொழுகையைப் பிந்தித் தொழுதுவிட்டு, பின்னேரம் ஐந்து மணிபோல் நான் கணினிக்கு முன்னால் வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில் அவரிடமிருந்து இரண்டு படங்கள் அடுத்தடுத்து வந்தன. பின்னாலேயே ஒரு குரல்பதிவு: "தம்பி, ரெண்டில எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லுங்க. சரியில்லாட்டி வெளிச்சம் இருக்கக்குள்ளயே திரும்ப எடுக்கிறன். நான் வட்டைக்குள்ளதான் நிக்கன்." மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அவர் குரலுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது.

முதல் படத்தைத் திறந்தேன். சொன்னபடியே செய்திருந்தார். வானம் தப்பியிருந்தது. முதலில் ஒளி மிகுந்த பகுதியைத் தணித்தேன். சூரியனைச் சுற்றிச் செம்மஞ்சள் வளையங்கள் பிரிந்து வந்தன. பிறகு கீழ்ப்பாதியை மட்டும் தெரிவுசெய்து நிழலை மெல்ல உயர்த்தினேன். கரியாகக் கிடந்தது மண்ணிறமானது. வரப்பு வந்தது. கதிர்கள் வந்தன. இடப்பக்கம், இரவில் காவல் இருப்பவர்கள் தங்கும் ஓலை வாடி ஒன்று வந்தது. அதற்கும் அப்பால் பற்றைக்காட்டின் விளிம்பில் ஒரு மருதமரம். அதன் அடியில் பெரிய கறையான் புற்று. அந்தப் புற்று கண்ணை இழுத்து, படத்தின் அழகைக் கெடுத்தது. அழித்துவிட்டுப் புல்லை இழுத்து மூடலாமா என்று யோசித்தேன். இரண்டாவது படத்தில் எப்படி இருக்கிறதென்று பார்ப்போம் என்று அதையும் திறந்து, அதே அளவுக்கு நிழலைத் தூக்கினேன்.

இரண்டாவது படத்தில் புற்று மருதமரத்தின் அடியில் இல்லை. மரத்துக்கு இப்பால், வாடியின் பக்கமாக வந்திருந்தது.

நான் முதல் படத்துக்குப் போனேன். திரும்ப இரண்டாவதுக்கு வந்தேன். இன்னும் பெரிதாக்கினேன். மணல்மணலாகப் புள்ளிகள் எழுந்தன. அந்தப் புள்ளிகளுக்குள் ஒரு காதின் வளைவும், கீழ்நோக்கி ஒரு வெள்ளைக் கீற்றும் தெரிந்தன. தனியன். கூட்டத்திலிருந்து பிரிந்த கொம்பன் யானை. அவர் அதைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. அவருடைய கண்ணுக்கு நேரே சூரியன். அதன் அடியில் நிற்கும் எதுவும் அவருக்குக் கறுப்பு மட்டுமே. சரியில்லாவிட்டால் திரும்ப எடுக்கலாம் என்று என் பதிலுக்காக அங்கேயே காத்துக்கொண்டு நிற்கிறார்.

நான் போட்ட சத்தத்தில் முதலாளி ஓடிவந்தார். திரையைப் பார்த்ததும், "கோல் எடுடா, கோல் எடு!" என்றார். என் விரல் போதகர் அம்மாவின் பெயருக்கு மேலே போய் நின்றுவிட்டது. போதகர் அம்மாவின் கைபேசி எங்கள் இருவருக்கும் தெரியும். ஆர்மோனியத்தோடு தொடங்கும் கீர்த்தனை ஒன்றை அழைப்பொலியாக வைத்திருந்தார். கடைத்தெருவில் அடித்தால் எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்த வெட்டவெளியில் அது அடித்தால் கொம்பன் எந்தப் பக்கம் திரும்பும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"ஏலா முதலாளி. சத்தம் கேட்டா அது அவங்களிட்டத்தான் வரும்."

"அப்ப சும்மா பாத்துக்கொண்டு நிக்கப்போறியா?"

"எழுதுறன். செய்திக்கு அவங்கட போன் அதிர மட்டும்தான் செய்யும்."

வெளிச்சமாக்கிய படத்தில் யானையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். கீழே, "சத்தம் போடாதீங்க. பின்னால பாதைக்குப் போங்க. ஓடாதீங்க" என்று எழுதினேன். பிழை பிழையாகத்தான் வந்தது, திருத்த நேரமில்லை. செய்திக்குப் பக்கத்தில் ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. வட்டைக்குள் சிக்னல் வந்து வந்து போகும். முதலாளி வவுணதீவில் தனக்குத் தெரிந்த கடைக்காரருக்கு அழைத்து, ஆட்களைத் திரட்டச் சொன்னார். "வெடி இருக்கா எண்டு கேளுங்க, ஆனா கொளுத்த வேணாம் எண்டு சொல்லுங்க, அவங்க உள்ள நிக்காங்க" என்று நான் இடையில் கத்தினேன். யா அல்லாஹ், அந்த ஒற்றை அடையாளத்தை மட்டும் இரண்டாக்கித் தா என்று கேட்டேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சிறிய ஒன்றை அவ்வளவு உருகிக் கேட்டதில்லை.

இரண்டாவது அடையாளமும் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இரண்டும் நீலமாயின. பார்த்துவிட்டார். போய்விடுவார், ஸ்கூட்டி பாதையோரத்தில்தான் நிற்கும் என்று மூச்சுவிட்ட நேரத்தில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

"வாடிக்குள்ள காவல்கார ஐயா படுத்திருக்கார். காய்ச்சல்."

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

முதலாளியின் மோட்டார்சைக்கிளில் இருவரும் கிளம்பினோம். வலையிறவுப் பாலத்தில் ஏறியதும் மேற்கிலிருந்து சூரியன் நேரே கண்ணில் அடித்தது. வாவி முழுதும் தகரம் விரித்ததுபோல் மினுங்கியது. எதிரே வருவது மாடா, லொறியா, ஆளா என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஓட்டினார். என் கண்ணுக்குள் ஒரே கறுப்பு வட்டங்கள். எங்கே கறுப்பைக் கண்டாலும், மதகானாலும் பற்றையானாலும் படுத்திருந்த எருமையானாலும், எனக்கு அது அசைந்தது. வட்டையை நெருங்கும்போது ஓலையும் கம்பும் முறிகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு பிளிறல். முதலாளி வண்டியை நிறுத்திவிட்டார். அவர் தோளை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது மறுநாள் அவர் சட்டையைக் கழற்றிக் காட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

பாதையோரத்தில் ஊர் ஆட்கள் யானைவெடிகளோடு நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, நிலத்தில், இடுப்பு வரை சேற்றோடு போதகர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு. அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு காவல்கார ஐயா படுத்திருந்தார். சேலைத் தலைப்பை நனைத்து அவர் நெற்றியில் போட்டிருந்தார்கள். நாங்கள் ஓடிப்போனதும் போதகர் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன. வெக்கை இன்னும் தணியாத அந்த நேரத்தில் குளிரில் நடுங்குவதுபோல் நடுங்கினார்.

நடந்ததை அங்கேயே, விட்டு விட்டுச் சொன்னார். எருமைச் சாணம் என்று நினைத்துக்கொண்டிருந்த மணம், என் படத்தைப் பார்த்ததும் என்னவென்று விளங்கியதாம். திரும்பி நடக்கத்தான் காலைத் தூக்கினாராம். ஆனால் அந்தப் படத்தில் சிவப்பு வட்டத்துக்கும் அவருக்கும் இடையில் வாடி இருந்தது. வரும்போது அதற்குள் எட்டிப் பார்த்து ஐயாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார். காற்று யானையின் பக்கமிருந்து வீசியதால் அதற்கு இவருடைய வாடை போகவில்லை. குனிந்தபடி வரப்போடு போய், கத்திவிடக்கூடாதென்று ஐயாவின் வாயைப் பொத்தி எழுப்பினார். அவருக்கு நடக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே நடந்து வந்தார்கள். பாதி வழியில் பின்னால் யானை வாடியை உடைக்கத் தொடங்கியது. உள்ளே இருந்த அரிசிக்காகத்தான் அது வந்திருக்கவேண்டும் என்று ஊரார் சொன்னார்கள்.

"செபம் பண்ணினீங்களா அம்மா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

"இல்ல புள்ள," என்றார் போதகர் அம்மா. "ஒரு சொல்லும் வரல்ல. பயம். பயம் மட்டும்தான் இருந்தது."

காவல்கார ஐயா பிழைத்தார். காய்ச்சல் தணிந்து வந்ததும், தன் யானைவெடியை எடுக்கவிடவில்லை என்று போதகர் அம்மாவோடு கோபித்துக்கொண்டாராம். சபையில் அவரைத் துணிச்சல்காரி என்று புகழ்ந்தார்கள். அந்தப் பேச்சை அவர் விரும்பவில்லை. அடுத்த கிழமை அச்சகத்துக்கு வந்தபோது முகம் வற்றியிருந்தது. படத்தைப் பெரிய திரையில் காட்டச் சொன்னார். முதலில் அவர் எடுத்தபடியே காட்டினேன்: பொன்னாய் இறங்கும் சூரியன், கீழே அமைதியான கறுப்பு. பிறகு நிழலைத் தூக்கினேன். கொம்பன் மேலே வந்ததும் அவர் கதிரையின் கையைப் பிடித்தார்.

"இவ்வளவு கிட்டயா நிண்டது?" என்றார். திரையில் அதைத் தொட்டுப் பார்த்தார். "சிரிச்சுக்கொண்டு நிண்டன் தம்பி. வானம் நல்லா வந்திருக்கு எண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டன்."

நாட்காட்டிக்கு எதைப் போடுவது என்று கேட்டேன். அந்த இருண்ட படத்தையே போடச் சொன்னார், ஒன்றையும் தூக்காமல். "சனங்களுக்கு வானம் போதும்" என்றார். அப்படியே அடித்தோம். அடுத்த வருடம் அந்தப் படம் வந்த மாதம் முழுதும், பட்டணத்தில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் கொம்பன் தொங்கியது. அழகான படம் என்று பலர் சொன்னார்கள். எங்கள் அச்சகத்துச் சுவரில் அந்தத் தாளை மாதம் பிறந்த முதல் நாளே நான் கிழித்துவிட்டேன்.

பிறகு போதகர் அம்மா இடமாற்றம் கிடைத்து மலைநாட்டுப் பக்கம் போய்விட்டார். எனக்கு அந்தப் பயம் போகவில்லை. கலியாண மாப்பிள்ளையும் பெண்ணும் வாவிக்கரையில் சூரியனுக்கு முன்னால் நிற்கும் படங்கள் கிழமைதோறும் வருகின்றன. இப்போது எல்லோருக்கும் அப்படித்தான் வேண்டும்: முகம் தெரியாத நிழலுருவம், பின்னால் தீப்பிடித்த வானம். அவற்றைத் திருத்தத் தேவையே இல்லை. என்றாலும் நான் ஒவ்வொன்றிலும் நிழலை முழுதாக உயர்த்தி, கண்டல் பற்றைகளுக்குள்ளும் தண்ணீர் விளிம்பிலும் தேடுகிறேன். படம் எடுத்து நாளாகிவிட்டது, அவர்கள் வீட்டில் நலமாக இருக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்தும் தேடுகிறேன். ஒன்றுமில்லை என்று கண்ட பிறகு திரும்ப இருட்டாக்கிவிட்டு அச்சுக்கு அனுப்புகிறேன்.

போன மாதம் போதகர் அம்மாவிடமிருந்து ஒரு படம் வந்தது, கோப்பாகத்தான். தேயிலைச் சரிவுக்கு மேலே விடியற்காலைச் சூரியன். பழையபடி நேருக்கு நேரே. கூடவே ஒரு குரல்பதிவு: "தம்பி, இவ்வளவு நாளும் ஏலாமக் கிடந்து இண்டைக்குத்தான் ஒண்டு எடுத்தன். கை நடுங்கினதுல கொஞ்சம் சரிஞ்சிருக்கு. அனுப்பமுதல் நானே வெளிச்சமாக்கிப் பாத்திட்டன். ஒண்டுமில்ல. நீங்க பயப்படாம வானத்தை மட்டும் பாருங்க."

வானத்தைப் பார்த்தேன். எரியவில்லை, நன்றாக வந்திருந்தது. பிறகு, அவர் சொன்னதை மீறி, நிழலை முழுதாக உயர்த்தி மூலைமூலையாகப் பார்த்தேன். தேயிலைச் செடிகள், ஒரு தண்ணீர்க் குழாய், யாரோ கழற்றி வைத்த கூடை. வேறொன்றுமில்லை. "நல்லா இருக்கு அம்மா, இன்னும் எடுங்க" என்று எழுதி அனுப்பிவிட்டு, சரி அடையாளங்கள் இரண்டும் நீலமாகும் வரை கைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.